பேட்டரிக்க ஆயுசு

குத்திப் பாருங்க சாரே, தயங்காண்டாம். ஸ்டியரிங்குக்கு கீள கைய விட்டுத் தடவினா ஒரு ஓட்ட தட்டுப்படும், அதுலயாக்கும் நீங்க கொண்டு வந்த பேட்டரி பாக்க மெஷினக் குத்த வேண்டியது. கிட்டிச்சா? இனி போனப் பாருங்க. நூத்துக்கு எத்தன காட்டுது? தொண்ணூத்தஞ்சா. ஆங், அதுதான். அஞ்சு வருசம் ஆகப்போற கரண்டு வண்டிக்கு பேட்டரி இந்த நெலமையில இருக்கத நீங்க வேற எங்கயும் பாக்க முடியாது. டாக்சிக்கு ஓடின வண்டியெல்லாம் இதுக்குள்ள எண்பதுக்கு எறங்கியிருக்கும். வேற வண்டியும் பாத்துட்டுதான் வாறியளா? அப்பம் ஒங்களுக்கே தெரியும்.

மார்த்தாண்டத்துல இருந்து வாறதுண்ணு போனுல சொன்னியள்லா. களியக்காவிள தாண்டி, பாறசால தாண்டி, ஆரியங்கோட்டுல இந்த ரப்பர் காட்டுக்குள்ள ஒரு பழைய வண்டி பாக்கதுக்கு வந்திருக்கிய. அப்பம் முழுசும் கேட்டுட்டுதான் போணும். கரண்டு வண்டி வாங்கப்பட்ட ஆளு வண்டிய மட்டும் பாத்தா போராது. அத வச்சிருந்தது எப்படிப்பட்ட ஆளுண்ணும் பாக்கணும். பெட்ரோலு வண்டி மாதிரி இல்ல இது. இஞ்சினு கெட்டுப்போனா களத்தி செரியாக்கலாம். இதுல பேட்டரி போச்சுண்ணா வண்டிக்க பாதி வெல போச்சு.

அவரா? அவரு இனி வண்டி ஓட்ட மாட்டாரு. சொல்லுதேன், எல்லாம் சொல்லுதேன். வெயிலுல நிக்காண்டாம், இப்படி செவத்தோரம் வந்து நில்லுங்க.

எனக்க பேரு லிஜா. பாறசாலையில ஒரு சொசைட்டி பாங்குல கிளார்க்கு. எனக்க மாப்பிள ரெத்தினதாஸ், நெய்யாற்றின்கர பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்குடுக்க சாறா இருந்தாரு. தாஸ் சாறுண்ணு கேட்டா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கணக்குல ஒரு தப்பு வராது. ரிட்டயர் ஆவதுக்கு முன்னையே இந்த வண்டிக்க கணக்க போட்டு வச்சிட்டாரு. பெட்ரோலுக்கு எத்தன, கரண்டுக்கு எத்தன, ஆயிலு மாத்தாண்டாம், பெல்ட்டு மாத்தாண்டாம், பிரேக்கு கட்டகூட தேயாது, எறக்கத்துல கால எடுத்தா கரண்டு பேட்டரிக்கு திரும்ப ஏறும். பத்து வருசம் வச்சிருந்தா பெட்ரோலு வண்டியக் காட்டிலும் லாபமாக்கும், பேட்டரி கேடாவாம இருக்கணும், அவ்வளவுதான், அப்படிண்ணு எனக்கும் அம்மைக்கும் கிளாஸ் எடுத்தாரு. அதுல தப்பு இல்ல சாரே, நானும் பாங்குல வேல பாக்கவளாக்கும். கணக்கு செரிதான்.

அம்மைண்ணா எனக்க அம்ம, ஆனந்தபாய். இந்த வீடும் சுத்தி இருக்க ரப்பரு வெளையும் அம்மைக்குள்ளதாக்கும். நான் ஒத்த மக, கெட்டின பொறவு அவரு இஞ்ச வீட்டோட வந்து தங்கினாரு. வண்டி வாங்க பைசா தெகையாம வந்தப்பம் மேலத் தட்டுல நிண்ண ரப்பரு மரத்த முறிச்சு வித்து அம்மதான் குடுத்தா. மரம் வயசாச்சு மக்கா, பாலு இல்ல, நிண்ணு என்னத்துக்கு, நீங்க சொகமா போய் வாங்கண்ணு சொன்னா.

வண்டி வந்த அண்ணைக்கு முதல் அவருக்கு வேற மொகம். எண்பதுக்கு மேல சார்ஜ் ஏத்தப்பிடாது, முப்பதுக்கு கீள எறக்கப்பிடாது. வேகமா ஏறப்பட்ட சார்ஜருல குத்தவே பிடாது, சூடு வந்து பேட்டரிக்க உயிரு போவுமாம். வீட்டுக்க மேல சோலார் வச்சு பகல் வெயிலுல மட்டும் மெள்ள மெள்ள ஏத்துவாரு. மள பெஞ்சு வெயிலு இல்லாத ஞாயித்துக்கெழம நாங்க சபைக்கு கொட பிடிச்சு நடந்து போவோம். வண்டி ஷெட்டுல நனையாம நிக்கும். அந்த ஷெட்டப் பாருங்க. தகரத்துக்க மேல ஓல போட்டிருக்கது தெரியுதா? பேட்டரிக்கு சூடு ஆகாதுண்ணு வருசா வருசம் புது ஓல போடுவாரு. அம்ம படுத்துக் கெடந்த சாய்ப்பு முறிக்கு மேல வெறும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக்கும். மீன மாசத்து வெயிலுல அதுக்க உள்ள நிக்க முடியாது. ஓல மிச்சம் கெடக்கு, அம்மைக்க முறிக்கும் ரெண்டு போடுங்கண்ணு ஒருக்க கேட்டேன். மனுசனுக்கு வேர்க்கும், பேட்டரிக்கு வேர்க்காது பாரு லிஜே, அதுனால அதுக்குத்தான் நெழலு வேணும்ணு சொன்னாரு. தமாசுக்கு சொல்லல்ல. அவருக்கு தமாசு வராது.

அடியில குனிஞ்சு பாக்கணுமா? பாருங்க. ஒரு கீறலு கிட்டாது. கல்லு ரோட்டுல எறக்கவே மாட்டாரு.

பொறவு அம்மைக்கு களுத்துல ஒரு கட்டி வந்துச்சு. முதல்ல நெறி கெட்டினதுண்ணு நெனச்சு மருந்து போட்டோம். சோறு எறங்காம ஆனப்பம் திருவனந்தபுரத்துக்கு கொண்டு காட்டினோம். கான்சர். ஆனா டாக்டரு ஒண்ணு தெளிவா சொன்னாரு. பயந்து பேடிக்க வேண்டாம், இது ரேடியேஷன்ல சொகமாவப்பட்ட வகையாக்கும், ஆறு வாரம் விடாம கொண்டு வரணும், ஞாயிறும் சனியும் ஒளிய தெனமும் வரணும், பாதியில நிறுத்தினா தொடங்காம இருக்கதே நல்லதுண்ணு சொன்னாரு. நானும் கேட்டேன், அவரும் கேட்டாரு, அம்மையும் கேட்டா.

எனக்கு அத்தன நாளு லீவு கிட்டாது. அவரு ரிட்டயராயி வீட்டுல இருக்காரு, வண்டியும் இருக்கு. அப்பம் அவரே கொண்டு போவட்டும்ணு முடிவாச்சு. நான் டாக்சி பிடிச்சு விடுதேண்ணும் சொன்னேன் சாரே. எனக்க சம்பளத்துல குடுப்பேன். அதுக்கு அவரு, முற்றத்துல வண்டிய நிறுத்திட்டு டாக்சி விளிச்சா ஆளுவ என்ன நெனைக்கும்ணு கேட்டாரு. செரிண்ணு விட்டேன்.

முதல் வாரம் ஒண்ணும் இல்ல. ரெண்டாமத்த வாரம் ஒரு நாளு லீவு போட்டுட்டு நானும் கூடப் போனேன். கரண்டு வைக்கதுண்ணு எங்க ஆளுவ சொல்லும், அந்த ரேடியேஷன் பட்ட எடம் கருகும் சாரே. களுத்துல தோலு உரிஞ்சு செவந்து கெடக்கும். அதுல வேர்வ எறங்கினா தீ வச்ச மாதிரி எரியும். பாலராமபுரத்து முக்குல எப்பமும் டிராபிக் பிளாக்காக்கும், அண்ணைக்கும் பிளாக்கு. ஏசி போடல்ல. ஏசி போட்டா பேட்டரி எறங்கும். கண்ணாடிய முழுக்க எறக்கவும் விடல்ல, காத்து பிடிச்சு வண்டி கூடுதல் கரண்டு தின்னுமாம். வண்டி நிக்கத்தான செய்யுது, நிக்க வண்டிக்கு என்ன காத்துண்ணு நான் கேட்டேன். நான் கைய நீட்டி ஏசிய போட்டேன். அவரு அத நிறுத்தினாரு. திரும்பப் போட்டேன், திரும்ப நிறுத்தினாரு. அம்ம பொறத்த சீட்டுல இருந்து, வேண்டாம் மக்கா, எனக்கு குளுரும்ணு சொன்னா. நெத்தியில இருந்து வேர்வ கொட்டுது, அவளுக்கு குளுருமாம். ஒரு பாள விசிறி வச்சிருந்தா. களுத்துக்கிட்ட வீசாம மடியில வச்சிருந்தா. வீசினா அவருக்கு கோவம் வருமோண்ணு பேடி.

பின்ன வீட்டுல வந்து எறங்கின ஒடனே அவரு வண்டிக்க முன்ன இருக்க ஸ்கிரீனப் பாத்து, சார்ஜு எத்தன சதமானம் போச்சுண்ணு சொன்னாரு. சொன்னது என்னகிட்ட இல்ல. அம்மைகிட்ட. அம்மே, கரண்டுக்கு பைசா இல்ல, அது மேல இருக்க வெயிலாக்கும். ஆனா பேட்டரி தேய்மானம்ணு ஒண்ணு உண்டு, போய் வந்ததுல இண்ணைக்கு எரநூத்தம்பது ரூவாக்கு தேஞ்சாச்சு, அப்படிண்ணு. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு வட்டிக்கணக்கு சொல்லிக் குடுப்பாருல்லா, அதே சத்தம். அம்ம தலைய ஆட்டினா. நான் அண்ணைக்கு உள்ள வச்சு அவருகிட்ட சண்ட போட்டேன். வயசான ஆளுகிட்ட இதெல்லாம் எதுக்கு சொல்லுதியண்ணு. அம்ம கேட்டா, அதுனால சொன்னேன்ணாரு. கேட்டது நெசம்தானாம். முதல் நாளு ஏறும்போ, மக்கா எனக்க கொண்டு வண்டிக்கு கேடு ஒண்ணும் வராதுல்லாண்ணு ஒரு வார்த்த கேட்டிருக்கா. அதுக்கு பொறவு தெனமும் அவரு பதிலு சொல்லிக்கொண்டே இருந்தாரு.

நாலாமத்த வாரம் ஒரு நாளு நான் பாங்குல இருந்து வாறேன், அம்ம முற்றத்துல நிக்கா. மொகத்துல ஒரு சிரிப்பு. மக்கா, டாக்டரு மதி, போதும்ணு சொல்லியாச்சு, கட்டி கரைஞ்சாச்சாம், இனி போண்டாம்ணு சொன்னா. ஆறு வாரம்ணு சொன்னாங்களேண்ணு நான் கேட்டேன். நல்லா ஏத்துக்கிட்ட ஒடம்புக்கு அத்தன வேண்டாமாம்ணு அவளே சொன்னா. நான் அவரப் பாத்தேன். அவரு வண்டியத் தொடச்சிக்கொண்டு நிண்ணாரு. ஆமா, ஒரு மாசம் களிஞ்சு கொண்டு காட்டினா போதும்ணு சொன்னாரு. துணியப் பிளிஞ்சுட்டு சொன்னாரு, எனக்கு இப்பமும் நெனப்பிருக்கு.

கட்டியும் அப்பம் சுருங்கித்தான் இருந்துச்சு. நான் என்னத்துக்கு சம்சயப்படணும்? அண்ணைக்கு நெய்மீனு வாங்கிட்டு வந்து தேங்கா அரச்சு கறி வச்சேன். அம்மைக்கு முழுங்க முடியல்ல. கொளம்ப கஞ்சியில விட்டு கலக்கி ரெண்டு கரண்டி குடிச்சா. கொள்ளாம், நல்லா இருக்கு மக்காண்ணு சொன்னா. பெங்களூருல இருக்க எனக்க மக ஜிஜா வீடியோவுல விளிச்சா. பாட்டிக்கு சொகமாச்சுண்ணு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம். அவரும் கண்ண மூடி நிண்ணாரு.

ஒரு மாசம் களிஞ்சு போவோம்ணு நான் சொல்லும்போ எல்லாம் அம்ம ஒவ்வொரு காரணம் சொன்னா. மள, மூட்டு வலி, சபையில பெண்கள் கூட்டம். ஓணம் களிஞ்சு பாத்தா களுத்துல அந்தப் பக்கமும் வீங்கியிருக்கு. நான் கேக்காம டாக்சி பிடிச்சுக் கொண்டு போனேன். அவரும் ஏறி வந்தாரு. டாக்டரு களுத்தத் தொட்டுப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, ஏன் பாதியில நிறுத்தினிய? நாங்க ஆளு விட்டு போனுல விளிச்சோமே, வரமாட்டோம்ணு சொல்லிட்டியளேண்ணாரு. நான் அம்மையப் பாத்தேன். அவ தரையப் பாக்கா. அவரு ஜன்னலுக்கு வெளிய பாக்காரு. பொறவு அம்ம சொன்னா, எனக்கு பேடியாச்சு டாக்டரே, நாந்தான் வரமாட்டேன்ணு சொன்னது, மருமகன் விளிச்சாரு, நாந்தான் போவல்ல. அப்படி சொன்னா. டாக்டரு எனக்க நேரா திரும்பி, இனி வலி இல்லாம பாத்துக்கிடலாம், அதுக்கு மேல ஒண்ணும் இல்லண்ணு சொன்னாரு.

கிறிஸ்மசுக்கு முன்ன அம்ம போயிட்டா. கடைசியில தண்ணி கூட எறங்கல்ல. பஞ்சுல நனைச்சு வாயில தொட்டு வைக்கதுதான். நான் அம்மைகிட்ட ஒரே ஒரு தடவ கோவமா கேட்டேன், எதுக்கு அம்மே நீங்க பேடிச்சிய, எனக்க கிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமாண்ணு. அவளால அப்பம் பேச முடியாது. எனக்க கைய எடுத்து நெஞ்சுல வச்சுக்கிட்டா. அவ்வளவுதான்.

இல்ல சாரே, எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க டயரப் பாருங்க. போன வருசம் மாத்தினதாக்கும். கரண்டு வண்டிக்கு எடை கூடுதல், அதுனால டயரு மட்டும் சட்டுண்ணு தேயும். அதையும் கணக்குல சேக்கணும். பொறவு முன்னால சின்னதா ஒரு பேட்டரி வேற உண்டு, லைட்டு ஹாரனுக்கெல்லாம். வண்டி ஓடாம கெடந்தா அது செத்துப்போவும். நான் சாவ விடுததில்ல. ஒண்ணுவிட்டு ஒரு நாளு எடுத்து வாசல் கேட்டு வரைக்கும் போய் வருவேன். ஆமா, ஓட்டப் படிச்சேன். அவரு ஓட்டின காலத்துல ஸ்டியரிங்கத் தொட விடமாட்டாரு. பெண்ணுங்க காலு வச்சா பேட்டரி சிந்துமாம்.

செரி, மீதி கேளுங்க. அடுத்த வீட்டுல விலாசினி அக்காண்ணு ஒரு ஆளு. அம்மைக்கு உயிரு சினேகிதி, ரெண்டு பேரும் சாயங்காலம் ஒண்ணா இருந்து மரச்சீனி கெழங்கு நறுக்கும், வெத்தில போடும். அம்ம போன பொறவு அக்கா எனக்க வீட்டுக்கு வரவே இல்ல. வழியில கண்டாலும் மொகத்தத் திருப்பிக்கிட்டு போவா. ஒரு நாளு நான் கைய பிடிச்சு நிறுத்தி கேட்டேன், அக்கா எனக்க மேல என்ன வெரோதம்ணு. அவ கரைஞ்சு அழுதுட்டா. நீ அறிஞ்சு செய்ததாக்கும்ணு நான் நெனச்சேன் பெண்ணேண்ணு சொன்னா.

அம்ம அவகிட்ட எல்லாம் சொல்லியிருக்கா. அக்கா மலையாளத்துலதான் சொல்லுவா, அம்ம சொன்னத அப்படியே சொன்னா. தெனமும் ஏறும்போ அவருக்க மொகத்தப் பாக்க முடியல்ல விலாசினி. எறங்கும்போ கணக்கு சொல்லுவாரு. நான் ஒரு நாளு கேட்டேன், மக்கா, நான் முழுசும் போய் முடிச்சா இந்த பேட்டரிக்கு எத்தன கொறயும்ணு. அவரு அந்த எடத்துலயே வண்டிய ஓரமா நிறுத்திட்டு, போனுல கணக்கு போட்டு சொன்னாரு. பொறவு, சோதன வருசா வருசம் உண்டு அம்மே, அதுக்கும் போணும், அதையும் சேக்கணும்ணு அதையும் சேத்தாரு. அப்பம் நான் சொன்னேன், மதி மக்கா, இனி போண்டாம். லிஜா கேட்டா டாக்டரு சொன்னதுண்ணு சொல்லுவோம். அவரு, அது அம்மைக்க இஷ்டம்ணு சொல்லி வண்டியத் திருப்பினாரு. நெய்யாற்றின்கர கூடத் தாண்டல்லயாம் அப்பம். திருப்பினது மட்டுமில்ல சாரே. திரும்பி வரும்போ ஏசி போட்டிருக்காரு. அத அம்ம பெரிய காரியமா சொல்லியிருக்கா. தாஸு அண்ணைக்கு ஏசி போட்டுக் குடுத்தாரு, களுத்துக்கு நல்ல சொகமா இருந்துதுண்ணு.

நான் அவருகிட்ட கேட்டேனாண்ணா, கேட்டேன். கேக்காம இருப்பேனா? இதே ஷெட்டுல வச்சு. அவரு சார்ஜரு வயரு சுத்திக்கொண்டு நிண்ணாரு. ஒளிக்கல்ல. நேரா பிடிச்சுக் கேட்டா சொல்லுவாரு. ஒனக்க அம்ம கேட்டா, நான் கணக்கு சொன்னேன். நான் வரண்டாம்ணு சொன்னேனா? ஒரு வார்த்த சொன்னேனா? தீருமானம் அவங்களுக்குள்ளது. அப்படிண்ணாரு. நீங்க எனக்க கிட்ட சொல்லலாம்லாண்ணு கேட்டேன். சொல்லப்பிடாதுண்ணு அம்ம சொன்னா, நான் வாக்கு காப்பாத்தினேன்ணாரு. அப்பம் அவரு வயர ஆணியில தூக்கிட்டு, கைய தொடச்சுட்டு, ஒண்ணு யோசிச்சு பாரு லிஜே, அம்மைக்கு எழுபத்தாறு வயசு, இந்த பேட்டரிக்கு இனியும் பத்து பதினஞ்சு வருசம் உண்டுண்ணு சொன்னாரு.

நான் உள்ள போய் அரிசி களுவிப் போட்டேன்.

எப்பம் மரிச்சாருண்ணா? ஆரு, அவரா? அவரு மரிக்கல்லியே சாரே. ஒங்ககிட்ட ஆரு சொன்னா அப்படி? நான் சொல்லல்லியே. இனி ஓட்ட மாட்டாருண்ணு சொன்னேன், அவ்வளவுதான்.

எடவம், அங்க ஒங்க வைகாசி, களிஞ்சு ஒரு நாளு காலத்த, வண்டிக்கு சார்ஜ் போட எறங்கின ஆளு திரும்பி வரல்ல. போய்ப் பாத்தா ஷெட்டுல சரிஞ்சு கெடக்காரு. கரண்டு அடிச்சதுண்ணு நெனச்சேன். இல்ல, தலையில நரம்பு அடச்சதாம். நான் ஒரு நிமிசம் தாமசிக்கல்ல சாரே, அத நீங்க நம்பணும். ஒடனே ஆம்புலன்ஸ் விளிச்சு கொண்டு போனேன், உயிரு கிட்டிச்சு. வலத்த கையும் காலும் அனங்காது. பேச்சு போச்சு. ம்ம், ம்ம்ணு ஒரு சத்தம் மட்டும் வரும். ஆனா புத்திக்கு ஒரு கொறயும் இல்லண்ணு டாக்டரு சொன்னாரு. எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும். ஆறு மாசம் முக்கியமாக்கும், வாரத்துல மூணு நாளு திருவனந்தபுரத்துக்கு கொண்டு வாங்க, தெரப்பி குடுத்தா நடப்பாரு, பேச்சும் திரும்ப வரும், ஆறு மாசம் விட்டுட்டா பொறவு கஷ்டம்ணு சொன்னாரு.

ஆமா, வண்டி இருக்கு. நான் ஓட்டவும் படிச்சாச்சு. ஆனா போய் வந்தா எரநூத்தம்பது ரூவாக்கு தேயுமே சாரே. முதல் நாளே அவருக்க பக்கத்துல இருந்து கணக்கு போட்டு சொன்னேன். வாரத்துக்கு மூணு, மாசத்துக்கு இத்தன, பொறவு வருசா வருசம் சோதன, அதையும் சேத்து. போவமாண்ணு கேட்டேன். ம்ம்ண்ணாரு. அது போவோம்ணா, போண்டாம்ணா? எனக்கு தெரியல்ல. தீருமானம் அவருக்குள்ளது. நான் போண்டாம்ணு ஒரு வார்த்த சொல்லல்ல.

மக விளிச்சு கேப்பா, தெரப்பிக்கு போறியளாண்ணு. போறோம் மக்கா, நல்ல மாத்தம் உண்டுண்ணு சொல்லுவேன். போன அவருக்க காதுல வச்சு அவ சத்தத்த கேக்க விடுவேன். கண்ணுல வெள்ளம் வரும், தொடச்சு விடுவேன். நான் அவர நல்லா பாக்கேன் சாரே, ஒரு கொற வைக்கல்ல. மேலுல ஒரு புண்ணு வர விட்டதில்ல. முறியில ஏசியும் வச்சுக் குடுத்தாச்சு. டாக்டரு சொன்ன ஆறு மாசம் போன வாரத்தோட முடிஞ்சாச்சு.

இஞ்சதான் இருக்காரு. நீங்க சாஞ்சு நிக்க செவருக்கு அந்தப் பக்கம், இந்த ஜன்னலுக்க உள்ள. கட்டில ஜன்னலோரம் இளுத்துப் போட்டிருக்கேன். நாம பேசினது முழுசும் கேட்டிருப்பாரு. மெள்ள பேசாண்டாம் சாரே, இனி மெள்ள பேசி என்ன?

இல்ல, வெல சொல்ல மாட்டேன். வண்டி விக்கதுக்கில்ல. கோவப்படாதீங்க, மார்த்தாண்டத்துல இருந்து வந்த பெட்ரோலு காசு நான் தாறேன். ஒங்களுக்கு முன்ன வந்த ஆளுவளும் கோவப்பட்டுட்டுதான் போச்சு. நான் மட்டும் உள்ள இருந்து இதச் சொன்னா, அவரு கண்ண மூடி ஒறங்கின மாதிரி கெடப்பாரு. வேற ஆளு முன்ன வச்சு சொன்னா ஒறங்க மாட்டாரு. முச்சூடும் கண்ணத் தொறந்து மேல கூரயப் பாத்துக்கொண்டு கெடப்பாரு. அதுனால மாசத்துல ஒருக்க போனுல வெளம்பரம் போடுதேன். நல்ல பேட்டரிண்ணு கேட்டா ஆளுவ வரும்.

எதுக்கு ஓடுதிய, சாயா போட்டிருக்கேன். வேண்டாமா? செரி. அப்பம் ஒரு ஒபகாரம் மட்டும் செய்யணும். போற வழிக்கு இந்த ஜன்னலுக்க முன்ன ஒரு நிமிசம் நிண்ணு, தாஸ் சாறே, பேட்டரி தொண்ணூத்தஞ்சு இருக்கு, நல்லா பாத்திருக்கியண்ணு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு.